முழங்காலுக்கு ஒரு விசில்

வலி எவ்வளவு என்று எண்ணில் சொல்லச் சொன்னார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் வலது முழங்காலை மாற்றி வைத்த மறுநாள் காலை, நர்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

அது பொய். முட்டிக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவதுபோல இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு, ஒன்பது என்று சொன்னால் நர்ஸ் மேலும் கேட்பார், டாக்டரைக் கூப்பிடுவார், எல்லாரும் என் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ரெண்டு என்றால் அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். அப்படியே போய்விட்டார்.

நான் பஸ் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டியில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் போயிருக்கிறது. கூச்சப்படுகிற ஆள் எப்படி இந்த வேலைக்கு வந்தான் என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். உண்மையில் கண்டக்டருக்குப் பேச்சு அதிகம் தேவையில்லை. ஊர்ப் பேரை அவர்களே சொல்வார்கள், நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பேன். மற்றதையெல்லாம் விசில் பேசிவிடும். நீளமாக ஒன்று அடித்தால் நிறுத்து. சின்னதாக இரண்டு அடித்தால் போ. ஒரு நாள் முழுக்க இருபது வார்த்தை பேசாமல் நான் டூட்டி பார்த்திருக்கிறேன்.

முழங்கால் கெட்டதும் அந்த வண்டியில்தான். முப்பத்தொரு வயதில் ஒரு நாள், வண்டி நிற்பதற்கு முன்பே படியிலிருந்து குதித்தேன். எல்லா கண்டக்டரும் குதிப்பதுதான். அன்று மணல் வழுக்கிக் கால் முறுக்கிக்கொண்டது. வீங்கியது, கட்டுப் போட்டேன், வடிந்தது. யாரிடமும் காட்டவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் அந்தக் காலிலேயே ஓடுகிற வண்டியில் நின்றேன். ஐம்பத்தொரு வயதில் கால் வெளிப்பக்கமாக வளைந்துபோயிருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் படி ஏறினேன். பதினொரு வருடமாக என்னோடு ஒரே வண்டியில் ஓடும் டிரைவர் கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"மச்சான், நீ ஒருத்தன் ஏறத்துக்குள்ள மொத்த கூட்டமும் ஏறி எறங்கிடுது" என்றார் ஒரு நாள். "போயி காட்டு. இல்லன்னா நான் வண்டிய எடுக்கமாட்டேன்."

எடுக்கமாட்டேன் என்றால் நிஜமாகவே எடுக்கமாட்டார். போய்க் காட்டினேன். இந்த வயதில் மாற்றுவது சீக்கிரம்தான், ஆனால் வேறு வழி இல்லை என்றார் டாக்டர்.

மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுக்கும்போது டெப்போ அலுவலகத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். லீவ் முடிந்ததும் எங்கள் இலாகா டாக்டர் சோதித்துப் பார்ப்பார். வண்டியில் போகத் தகுதி இல்லை என்று அவர் எழுதிவிட்டால் லைட் டூட்டி. அப்போது காலியாக இருந்த லைட் டூட்டி ஒன்றே ஒன்று. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்வது. அங்கே இருந்தவர் ரிட்டையர் ஆகியிருந்தார்.

கத்தி வைப்பதைப் பற்றி நான் பயப்படவில்லை. மைக்கைப் பற்றித்தான் பயந்தேன். பத்தாவது படிக்கும்போது எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் வாசிக்காமல் நின்றுகொண்டே இருப்பேன், வாத்தியாரே சலித்துப்போய் உட்காரச் சொல்லிவிடுவார். என் குரல் டீக்கடை, பழக்கடை, ரயில்வே மேம்பாலம் வரைக்கும் கேட்கப்போகிறது என்று நினைத்தாலே லீவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. கால் நன்றாக மடங்க வேண்டும், வண்டிப் படி ஏற வேண்டும், பழையபடி பின்படியில் போய் நின்றுகொள்ள வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கருங்குழிப் பக்கத்துப் பெண். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டும் பையுமாக உள்ளே வந்தவர், வணக்கம் சொல்வதற்கு முன்பே என் முட்டிக்கு அடியில் இருந்த தலையணையை உருவி எடுத்தார்.

"இது யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன்" என்றாள் என் மனைவி. "முட்டிக்கு அண்டை குடுத்தா நோவாதுன்னு."

"நோவாதும்மா. இப்போ சொகமாத்தான் இருக்கும். இப்பிடியே ஒரு மாசம் வெச்சீங்கன்னா அப்பறம் கால் நேராவே வராது. நொண்டிக்கினு நடக்கணும்." ஒரு டவலைச் சுருட்டி என் கணுக்காலுக்கு அடியில் வைத்தார். முட்டி தானாகக் கீழே இறங்கியது. உயிர் போனது. "எவ்ளோ அண்ணா நோவுது, பத்துக்கு?"

"ரெண்டு."

"பரவால்லயே" என்று எழுதிக்கொண்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்திப் பத்து எண்ண வேண்டும். ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் பவுடர் தூவி, குதிகாலைப் பின்பக்கமாக வழுக்கி இழுத்து முட்டியை மடக்க வேண்டும். பத்துப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முடித்ததும் ஐஸை ஈரத்துணியில் சுற்றி இருபது நிமிடம் வைக்க வேண்டும். மடக்குவதுதான் முக்கியம் என்றார். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் பாகைமானிபோல, இரண்டு கை உள்ள ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் வைத்திருந்தார். அதைத் தொடையோடும் கெண்டையோடும் சேர்த்து வைத்துக் கோணத்தைப் படிப்பார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு மாத்திரை எழுதியிருந்தது. ஒன்று தினமும். இன்னொன்று, கொஞ்சம் பலமானது, வலி ஐந்துக்கு மேல் போனால் மட்டும். என் வலிதான் ரெண்டைத் தாண்டவே இல்லையே. அந்த இரண்டாவது அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. மாத்திரை இல்லாமல் நான் பத்துக்குப் பதில் நான்கு தடவை இழுப்பேன். அதையும் பாதி தூரம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. அவர் வந்து கேட்டால் பத்தும் ஆயிற்று என்பேன். எவ்வளவு நோவுது என்றால் ரெண்டு என்பேன். இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனது.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். தையலுக்குப் போட்டிருந்த பின்களை ஏற்கனவே எடுத்துவிட்டார்கள், காயம் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் முட்டி அறுபத்திரண்டு டிகிரிதான் மடங்கியது. டாக்டர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலி ரெண்டுதான்னு எழுதியிருக்கு. அப்பறம் ஏன் மடங்கல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ஆறு வாரத்துக்குள்ள தொண்ணூறு வரணும். இல்லன்னா மறுபடியும் மயக்க மருந்து குடுத்து நாங்க மடக்க வேண்டியிருக்கும். உள்ள ஒட்டிக்கிட்டா அப்பறம் கஷ்டம்."

திரும்பி வரும்போது, எங்களுக்குத் துணையாக வந்து வாடகைக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் பஸ் டிரைவர் கேட்டார். "இன்னா மச்சான் சொன்னாரு?"

"நல்லாத்தான் சொன்னாரு" என்றேன்.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். என்னைப் படுக்கச் சொல்லி, ஒரு கை தொடையிலும் ஒரு கை கணுக்காலிலும் வைத்து மெதுவாக மடக்கினார். இந்தத் தடவை அவர் முட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பனியன் நனைந்திருந்தது.

"எவ்ளோ?"

"ரெண்டு."

காலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க. ராத்திரில இவரு தூங்கறாரா?"

என் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எங்க தூங்கறாரு. பல்லக் கடிச்சுக் கடிச்சு தாடையே நோவுதுன்னு காலைல கஞ்சிதான் குடிக்கறாரு. இன்னா சொன்னாரு உங்களாண்ட?"

"ரெண்டுன்றாரு."

"ரெண்டா? கல்யாணத்தன்னிக்கு இவரு கால்ல ஆணி குத்தி ரத்தம் வந்துகினு இருந்துது. தாலி கட்டி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல இந்த ஆளு. மேடையில செவப்பா இன்னாடா இதுன்னு எங்கப்பாதான் பாத்தாரு."

டிரைவர் அன்று காலை ஷிப்டு முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கிருந்தே சொன்னார். "மேடம், இவன் எல்லா நோவுக்கும் மினிமம் டிக்கெட்டே கிழிச்சுகினு கீறான். ஸ்டேஜ் தாண்டி வந்தவனுக்கு மினிமம் குடுத்தா செக்கிங்ல மாட்டுவ மச்சான். உனக்குத் தெரியாதா."

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டேன். சிரித்து முடித்ததும் பிசியோதெரபிஸ்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க சொல்ற நம்பர வெச்சுத்தான் நான் மாத்திர சொல்றேன், எவ்ளோ மடக்கலாம்னு பாக்கறேன். நீங்க பொய் சொன்னா எனக்குக் கண்ணக் கட்டினாப்ல கீது. வாயால சொல்லக் கூச்சமா இருந்தா வுடுங்க. பஸ்ஸ நிறுத்தணும்னா எப்பிடி சொல்லுவீங்க?"

"விசில்" என்றேன்.

"எங்க கீது அது?"

காக்கிச் சட்டையோடு ஆணியில் மாட்டியிருந்தது. என் மனைவி எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். பிசியோதெரபிஸ்ட் டிரைவரிடம் கணக்குக் கேட்டுக்கொண்டார். ஒன்று நிறுத்து, இரண்டு போ. சரி, தாங்க முடியாதபோது ஒன்று அடியுங்கள், நிறுத்திவிடுகிறேன், தாங்கலாம் என்றால் இரண்டு, மேலே போகிறேன் என்றார்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவர் மடக்கினார். அறுபதில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. நான் இரண்டு அடித்தேன். அவர் இன்னும் கொஞ்சம் மடக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடியும் இரண்டு அடித்தேன்.

கூடத்திலிருந்து டிரைவர் எழுந்து வந்துவிட்டார். "யோவ், இன்னாய்யா ரைட் மேல ரைட் குடுக்கற? கால் ஒடைஞ்சிடப்போவுது."

பிசியோதெரபிஸ்ட் நிறுத்திவிட்டார். ஏன் ஒன்று அடிக்கவில்லை என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் புரிந்தது. இருபத்தாறு வருடத்தில் எனக்காக நான் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தியதில்லை. யாராவது இறங்க வேண்டும், யாராவது ஓடி வருகிறார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது, அதற்குத்தான் ஒற்றை விசில். எனக்காக அறுபது பேரை நிறுத்துவது எப்படி? இதைத் தட்டுத்தடுமாறி அவரிடம் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் என் முட்டியைத் தொட்டுக் காட்டினார். "சரி, உங்களுக்காக அடிக்காதீங்க. உங்க முட்டி பஸ்ல ஏறி ஒக்காந்துகினு கீது. அது எறங்கணும்னு சொல்லுது. அப்போ அடிப்பீங்க இல்ல?"

"அதானே" என்றார் டிரைவர். "பாசஞ்சர் எறங்கணும்னு கேட்டா நிறுத்தித்தான் ஆவணும்."

மறுபடியும் மடக்கினார். அறுபத்தைந்து அளவில் என் முட்டி இறங்க வேண்டும் என்று கேட்டது. நீளமாக ஒன்று அடித்தேன். தெருவில் போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஒன்று சட்டென்று நின்ற சத்தம் கேட்டது.

அவர் நிறுத்தினார். ஆனால் காலை விடவில்லை, அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா. ஊதும்போது மூச்சு வெளிய போவுது. உள்ள தொட இளகுது. இத்தினி நாளா நீங்க மூச்சப் புடிச்சுகினு இருந்தீங்க. மூச்சப் புடிச்சா தசையும் புடிச்சுக்கும். இன்னொரு தபா, மெதுவா, நீட்டா ஊதுங்க."

ஊதினேன். அந்த ஊதலிலேயே முட்டி இன்னும் இரண்டு விரல்கடை உள்ளே போனது. வலித்தது. ஆனால் அது நான் நிறுத்தக்கூடிய வலி.

அன்றைக்கே எண்ணையும் சரியாகச் சொன்னேன். "ஏழு." அதைச் சொன்னதும் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பாவம் என்று பார்க்கவில்லை, யாரும் கட்டிலைச் சுற்றி நிற்கவில்லை. அவர் ஏழு என்று எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டார். நாளையிலிருந்து பயிற்சிக்கு அரைமணி முன்னால் அந்த இரண்டாவது மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். எவ்வளவு நாளைக்கு, எப்போது குறைப்பது என்பதையும் டாக்டர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். அலமாரியில் கிடந்த அட்டையை என் மனைவி அவர் எதிரிலேயே பிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு பஸ் போலத்தான் இருந்தது. காலை பத்து மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் விசில் சத்தம் கேட்கும். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்கு வண்டி எது வரைக்கும் போச்சு?" என்று என் மனைவியைக் கேட்பார். "எழுபத்தொண்ணு" என்பாள் இவள். "எழுபத்தெட்டு. எம்பத்து நாலு." எண்பத்து நான்கில் நான்கு நாள் நின்றுவிட்டது. ஆறாவது வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அளவுகோலைப் பிடித்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அதை என் மனைவியிடம் காட்டினார். தொண்ணூற்றிரண்டு. என் மனைவி உள்ளே போய் ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். கேசரி வேகும்வரை பிசியோதெரபிஸ்ட்டைப் போகவிடவில்லை.

மயக்க மருந்து தப்பியது. ஆனால் வண்டிப் படி மிச்சம் இருந்தது.

எங்கள் வீட்டு வாசல் படி இரண்டும் சின்னவை. வண்டியின் முதல் படி அதைப்போல இரண்டு மடங்கு. டிரைவர் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டு போய்த் தரையிலிருந்து படி வரைக்கும் அளந்து ஒடித்துக்கொண்டு வந்தார். "கரெக்டா கீது. டயரு கொஞ்சம் தேஞ்சுகீது, அதனால ஒரு நூலு சேத்துக்கோ." மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மீன் அடுக்குகிற கனமான மரப்பெட்டி ஒன்றை வாங்கி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். குச்சியை வைத்துப் பார்த்தோம், உயரம் சரியாக இருந்தது. என் மனைவி மூன்று நாள் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் தெருவில் உள்ள பூனையெல்லாம் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தன.

பிசியோதெரபிஸ்ட் பெட்டியை ஆட்டிப் பார்த்து, சுவர் ஓரம் தள்ளிவைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இனி ஆயுசுக்கும் குதிக்கக் கூடாது. குதிப்பது என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுங்கள் என்றார். முதல் நாள் மூன்று தடவை ஏறி இறங்கினேன். மாதக் கடைசியில் இருபது. பூனைகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் எங்கள் வண்டியிலேயே மாமல்லபுரம் போனோம். பயணியாக. வேறொருவர் விசில் அடிக்க நான் ஜன்னலோரம் உட்கார்ந்து போனது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான். மணலில் இப்போதைக்கு நடக்க வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அதனால் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் நடந்தோம். அங்கே ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து வறுத்த கடலை சாப்பிட்டோம். முட்டி தானாக மடங்கி உட்கார்ந்திருப்பதை நான் குனிந்து குனிந்து பார்த்தேன். "புதுசா வாங்கின சைக்கிள பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்றாள் அவள்.

இலாகா டாக்டரிடம் போகிற நாள் வந்தது. வாசலில் டிரைவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார். "மச்சான், பூஜ்யம்னு சொல்லு. அவ்ளோதான். உன் பழைய ரெண்டு கூட வேணாம். அங்க போயி நெசத்த சொல்லி வெக்காத."

எனக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். முதுகு ஒருவர், தோள்பட்டை ஒருவர், கணுக்கால் ஒருவர். கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே பேசுவது கேட்டது. மூன்று பேருமே வலியே இல்லை என்றார்கள்.

டாக்டர் வயதானவர். என் முட்டியை மடக்கிப் பார்த்தார், நூற்றுப் பதினைந்து இருந்தது. நடக்கச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "வலி எவ்வளவு? பத்துக்கு."

வாயில் ரெண்டு தயாராக இருந்தது. அதைவிட எளிதாக பூஜ்யம் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக அந்தக் கேள்வியைக் கேட்டால் முட்டியைக் கேட்டுச் சொல்வது பழக்கமாகிப்போயிருந்தது. அதோடு, நெரிசலான வண்டியில் பிரேக் போடும்போது இந்தக் கால் நழுவினால் நான் யார்மேல் விழுவேன் என்றும் ஒரு நினைப்பு.

"நாலு சார்" என்றேன். "படி ஏறும்போது. ஆடற வண்டில நின்னா அஞ்சு வரும்னு நெனைக்கறேன். ஒக்காந்திருந்தா ஒண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு இந்த ரூம்ல முதல் நம்பர் இதுதான்" என்றார். வெளியே நின்ற ஒரு வண்டியில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுதினார். இரண்டு மாதம் லைட் டூட்டி. அதன்பின் மறுபடியும் பார்த்துவிட்டு வண்டி.

டிரைவர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "சொன்னேன் இல்ல? உன் நாலால நான் ரெண்டு மாசம் அந்தப் புது ஆளோட மாரடிக்கணும். அவன் விசிலு ஊதறது குருவி கத்தற மாதிரி கீது, காதுலயே விழல." ஆனால் டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இப்படியாக நான் எதற்குப் பயந்தேனோ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பஸ் நிலையத்தின் நடுவில் கண்ணாடி போட்ட சின்ன அறை. டைம் கீப்பர் சுவிட்சைக் காட்டினார், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தார். முதல் அறிவிப்பே எங்கள் வண்டிதான். சுவிட்சைப் போட்டேன். என் மூச்சு மூன்று ஒலிபெருக்கியிலும் கேட்டது. தாளில் எழுத்து தெரிந்தது, வாயில் வரவில்லை. பத்தாம் வகுப்பில் நின்றதுபோலவே இருந்தேன். டைம் கீப்பர் என்னையே பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மூச்சை வெளியே விட எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கை சட்டைப் பைக்குள் போனது. விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினேன்.

மைக்கில்.

ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வண்டி நின்றது. திரும்பிக்கொண்டிருந்த ஒன்று நின்றது. வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு, வாசலிலேயே நின்றன. எல்லா வண்டியிலும் கண்டக்டர்கள் யார் அடித்தது என்று பின்னால் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வண்டி ஜன்னலிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்.

"நிறுத்திட்ட மச்சான்" என்றார். "ரைட் குடு."

இரண்டு விசில் அடித்தேன். எல்லா வண்டியும் நகர்ந்தன. அந்தச் சத்தத்தோடு சத்தமாக என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. "திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்து இப்பொழுது புறப்படுகிறது." முடித்து சுவிட்சை அணைத்தேன். டைம் கீப்பர் தலையில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. "நாளைலேர்ந்து அந்த விசில வூட்ல வெச்சுட்டு வாய்யா" என்றார்.

வைத்துவிட்டுத்தான் போனேன். ஒரு வாரத்தில் தாள் இல்லாமலே சொல்ல வந்தது. மார்க்கெட்டுக்கு வந்த என் மனைவி ஒலிபெருக்கிக்கு அடியில் அரைமணி நேரம் பையோடு நின்றிருக்கிறாள். அன்று வீட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆன நாளா நீங்க இத்தினி பேசி நான் கேட்டதே இல்ல. அதுவும் எவ்ளோ மரியாதையா பேசறீங்க. பயணிகளின் அன்பான கவனத்துக்காம். எனக்கு ஒரு நாளாவது அப்பிடி சொல்லியிருக்கீங்களா." அந்த இரண்டு மாதமும் நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். தாங்கலாம். மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வண்டிக்குத் திரும்பினேன். பழைய வண்டி, பழைய டிரைவர், பின்படி. ஆறேழு மாதம் கழித்து ஒரு மழைநாளில் பிசியோதெரபிஸ்ட் எங்கள் வண்டியில் ஏறினார். ஸ்கூட்டர் ரிப்பேராம், திருக்கழுக்குன்றத்தில் ஒருவருக்கு முட்டியை மடக்க வேண்டியிருக்கிறதாம். நனைந்த குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"எவ்ளோ அண்ணா இப்போ?"

"ஏறும்போது ரெண்டு" என்றேன்.

என் நெற்றியைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கை சும்மாதான் பிடித்திருந்தது. "நெசமாவே ரெண்டா?"

"நெசமா."

"சரி, நம்பறேன்" என்று டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் இறங்கும் இடம் வந்ததும் நீளமாக ஒன்று அடித்தேன். வண்டி நின்றது. காய்கறிக் கூடையோடு ஓர் அம்மா இறங்கச் சிரமப்பட்டார். நான் முன்னால் இறங்கிக் கூடையை வாங்கினேன், வலது கால் முதலில். பிசியோதெரபிஸ்ட் மழையில் குடையை விரிக்காமல் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையைக் கொடுத்துவிட்டு, இடது காலை முதல் படியில் வைத்து ஏறினேன். ஏறி முடித்த பிறகுதான் இரண்டு விசில் அடித்தேன்.